போகிக்குள் ஒரு பூ

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் தொட்டி உண்டு. ஆறடி நீளம், நாலடி அகலம், இடுப்பு உயரம். தண்ணீர் லாரி வந்தால் திருவொற்றியூரே குடத்தோடு ஓடிய காலத்தில், லாரிக் குழாயை நேராக உள்ளே விட்டு நிரப்பிக்கொள்வதற்காக மாமனார் கட்டியது. இப்போது வீட்டுக்குள்ளேயே குழாயில் மெட்ரோ வாட்டர் வருகிறது. தொட்டி காய்ந்துபோய்ப் பழைய டயரும் கால் உடைந்த ஸ்டூலும் போடுகிற இடமாகிவிட்டது.

அதில் ஒரு குளம் வைக்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வயது நாற்பத்தி நான்கு. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டிரெய்லர்களுக்கு கேட் பாஸ் போடுகிற வேலை. காலை ஏழரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஆறரை ஆகும். நாள் முழுக்க ஹாரன் சத்தம், டீசல் புகை, வரிசையில் நிற்கிற டிரைவர்களோடு சண்டை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் யாரோ மொட்டை மாடித் தொட்டியில் வளர்த்த அல்லியின் படம் வந்தது. அவ்வளவுதான். அன்று மதியம் எத்தனை பாஸில் வண்டி நம்பரைத் தப்பாக அடித்தேன் என்று எனக்கே தெரியாது. எனக்கும் ஒரு அல்லிக் குளம் வேண்டும். ஏன், எங்கள் பக்கத்தில் பூத்தால் என்ன, பூவுக்கு வலிக்குமா?

கொழுந்தன் மட்டும் சிரிக்கவில்லை. அவனிடம் ஒரு லோடு வண்டி இருக்கிறது, எல்லோரும் குட்டியானை என்பார்களே, அது. விடியுமுன்னே காசிமேட்டில் மீன் ஏற்றி, கடைகடையாக இறக்கிவிட்டு, எட்டரைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்குவான். வண்டி தெருவில்தான் நிற்கும். அந்தத் தொட்டியை உடைத்துவிட்டால் பக்கத்துச் சந்து வழியாக வண்டியைப் பின்பக்கம் கொண்டுவந்து கேட்டைப் பூட்டிவிடலாம் என்பது அவனுடைய நெடுநாள் கனவு.

"ரெண்டு தபா பேட்டரிய அவுத்துக்கினு பூட்டானுங்க அண்ணி. உனுக்கு பூவு கேக்குதா?" என்றான்.

"வண்டிக்கு வாயா இருக்கு, அழறதுக்கு? போடா" என்றேன். அவனை எனக்குப் பிடிக்கும். பத்து வயதுப் பையனாக இருந்தபோதிலிருந்து என் கையால் சாப்பிட்டவன். அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா?

அடுத்த ஞாயிறே கொளத்தூர் ஓடினேன். அங்கே வண்ண மீன் கடைகள் ஒரு தெரு முழுக்க உண்டு. கண்ணாடித் தொட்டிகளுக்கு நடுவில் ஒரு கடையில், பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் அல்லிச் செடிகள். இலைகள் பளபளவென்று, உள்ளங்கை அகலத்துக்கு. இரண்டு செடியும் பத்து கப்பி மீன்களும் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வருகிற மாதிரி இருந்தது.

தொட்டியை எதனால் நிரப்புவது என்பதில் முதல் சண்டை. எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர். குழாயில் வருவது நல்ல தண்ணி. குடிக்கவும் சமைக்கவும் மட்டும். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி, மற்ற எல்லாவற்றுக்கும். நல்ல தண்ணியில் கால் கழுவினால்கூட என் மாமியாருக்கு ஆவேசம் வந்துவிடும். ஒரு குடத்துக்காகத் தெருமுனையில் அடிதடி பார்த்தவர்.

"செடிக்கு நல்ல தண்ணி ஊத்துவியா? நாளிக்கு மாட்டுக்கு பாயசம் வைப்பியா?" என்று தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டார். போர் மோட்டாரைப் போட்டு உப்புத் தண்ணியையே விட்டேன்.

நாலாவது நாள் இலை ஓரமெல்லாம் பழுப்பாகிவிட்டது. பத்தாவது நாள் தண்டே குழைந்துவிட்டது. உப்புதான் காரணம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்து போதவில்லை என்று நினைத்தேன். எங்கள் தெருவில் செடிக்குச் சத்து என்றால் ஒன்றே ஒன்றுதான்: மீன் கழுவின தண்ணி. அதை ஊற்றி ஊற்றித்தான் எங்கள் கறிவேப்பிலை மரம் மாடி வரை போயிருக்கிறது. முருங்கைக்கும் அதுதான், செம்பருத்திக்கும் அதுதான். கொழுந்தன் கொண்டுவருகிற காரப்பொடி மீனையும் மத்தி மீனையும் கல்லுப்புப் போட்டு அலசுகிற தண்ணியை ஒரு வாரம் அலுங்காமல் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினேன். தரையில் ஊற்றினால் மண் குடித்துக்கொள்ளும். தொட்டியில் ஊற்றினால் எங்கே போகும்? அந்த யோசனை எனக்கு வரவில்லையே!

ஒரு வாரத்தில் தண்ணீர் கரும்பச்சை. கப்பி பத்தும் வயிறு மேலே தெரிய மிதந்தன. கப்பு நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். காசிமேடே பரவாயில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வந்து, "இன்னாம்மா, வூட்ல யாராச்சும் செத்துகித்துப் பூட்டாங்களா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் கூடத்தில் பஞ்சாயத்து நடந்தது. என் கணவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் அதுதான் முடிவு.

"போகி வரைக்கும் பார்க்கலாம். அதுக்குள்ள ஒரு பூ பூத்தா தொட்டி அவளுக்கு. பூக்கலன்னா போகியன்னிக்கு உடைச்சிடலாம், பழசு கழிக்கிற நாள்தானே. அப்புறம் யாரும் வாயத் திறக்கக் கூடாது."

"ஒரே ஒரு பூதானே?" என்றேன்.

"ஒரே ஒரு பூ."

கொழுந்தன் கை நீட்டினான். நான் கையடித்துக் கொடுத்தேன். அப்போது புரட்டாசி. கையில் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது.

தொட்டியை இறைத்து, தேய்த்து, வெயிலில் காயவிட்டேன். இந்த முறை போர்த் தண்ணி கிடையாது, மாமியாரோடு சண்டையும் கிடையாது. மொட்டை மாடியிலிருந்து மழைத்தண்ணி குழாய் வழியாக வீணாகத் தெருவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு எல்போ வாங்கி அந்தக் குழாயைத் தொட்டிப் பக்கம் திருப்பிவிட்டேன். ஐப்பசியில் மழை பிடித்தது பாருங்கள், இரண்டே ராத்திரியில் தொட்டி விளிம்பு வரை நிரம்பிவிட்டது. உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பே இல்லை! நடு முற்றத்தில் நின்று தனியாகச் சிரித்தேன்.

அடுத்தது செடி. கடைச் செடி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் வெயிலும் புகையும் பழகின செடி வேண்டும். மணலி புதுநகரைத் தாண்டி ஒரு குட்டையில் அல்லி மண்டிக்கிடக்கிறது என்று யார்டில் ஒரு டிரைவர் சொன்னார். போவது எப்படி?

"நான் இஸ்துகினு போறேன் வா" என்றான் கொழுந்தன்.

"நீயா?"

"எப்டியும் தோக்கப் போற. சோக்கா தோத்துட்டுப் போ."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குக் குட்டையில் போய் நின்றோம். அடேயப்பா! தண்ணீரே தெரியாத அளவுக்கு இலை. இலைக்கு நடுவே நடுவே கூம்பின மொட்டுகள். ஒரு பூகூட விரியவில்லை. பரவாயில்லை, அல்லி நிலா வந்தால்தானே விரியும் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே. எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்குவதைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏம்மா, புடுங்காத! வேர அலசுனா செத்துடும். சேத்தோட தூக்கு. கெழங்கு அடியில இருக்கும் பாரு."

முழங்கை வரை சேற்றில் விட்டுத் துழாவினேன். வழுவழு என்று ஒன்று கையில் அகப்பட்டது. அடியில் கைகொடுத்து மெதுவாகத் தூக்கினால், சேறும் வேரும் தண்டுமாகக் கோழி முட்டை அளவுக்கு ஒரு கிழங்கு! "கிடைச்சிடுச்சுடா!" என்று நான் போட்ட சத்தத்தில் எருமை ஒன்று மிரண்டு கரையேறிவிட்டது. மூன்று கிழங்கு எடுத்தேன். கொழுந்தன் வண்டியிலிருந்த, மீன் அடுக்குகிற பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கொண்டுவந்தான். அதற்குள் ஈரக் கோணியை விரித்து, சேற்றோடு சேர்த்து வைத்தோம்.

"வச்ச ஒடனே அடியில போட்றாத. எல தண்ணி மேல நிக்கிற மாரி ஒசத்தி வை. எல வளர வளர எறக்கு" என்று அந்த அம்மா கரையிலிருந்து கத்திச் சொன்னார். வீடு வரும்வரை அதையே மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

அந்த மீன் கிரேட்டையே செடித்தொட்டியாக வைத்துக்கொண்டேன். பக்கமெல்லாம் ஓட்டை, உள்ளே கோணி, அதில் சேறு, மேலே கொஞ்சம் கூழாங்கல். கடையில் தனியாக விற்கிறார்களாம் இதற்கென்று கூடை, எனக்கு எதற்கு? கிரேட்டில் மீன் உப்பு இருக்குமே என்று ஏழு முறை அலசிய பிறகுதான் வைத்தேன். ஒருமுறை பட்டது போதும். தொட்டிக்குள் ஆறு செங்கல் அடுக்கி அதன்மேல் கிரேட். இலை ஒரு சாண் உயர்ந்தால் ஒரு செங்கல்லை உருவிவிடுவேன்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு பேச்சே இல்லை. காலையில் பல் விளக்கிக்கொண்டே தொட்டி, ராத்திரி பாத்திரம் தேய்த்துவிட்டுத் தொட்டி. இலை முதலில் சுருட்டின பீடி மாதிரி மேலே வரும். மறுநாள் பாதி பிரிந்திருக்கும். அதற்கடுத்த நாள் தண்ணீர்மேல் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். புதிதாகக் கப்பி வாங்கிவிட்டேன். அதுவும் குட்டி போட்டது. கேட் பாஸ் கவுண்டரில் டிரைவர்கள், "இன்னாக்கா, இப்பல்லாம் திட்டவே மாட்டேங்கிற, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

மாமியார் மட்டும் தொட்டிப் பக்கமே வராமல் இருந்தார். கார்த்திகையில் ஒருநாள் எட்டிப் பார்த்தவர், "ஏ பொண்ணே, இங்க வா" என்று கூப்பிட்டார். கிரேட் ஓரத்தில், நான் வைக்காத ஒரு கொடி. நாலு நாலு இலையாகத் தண்ணீரில் படர்ந்திருந்தது. குட்டைச் சேற்றோடு கூடவே வந்திருக்கிறது.

"ஆரக்கீர! எத்தினி வருசம் ஆச்சி இத்தப் பாத்து!" என்று ஒரு கை கிள்ளிக்கொண்டு போய்ப் பருப்போடு கடைந்தார். மறுநாள் குடத்தில் மிச்சமிருந்த நல்ல தண்ணியைத் தொட்டியில் சாய்த்துவிட்டு வந்ததை நான் பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார்.

மார்கழி பாதியில் மொட்டு வந்தது! அடியிலிருந்து ஒரு தண்டு நேராக மேலே வந்து, நுனியில் கட்டைவிரல் அளவுக்குப் பச்சையாக ஒன்று. யார்டில் எல்லோருக்கும் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பெண்ணிடமும் சொன்னேன். போகிக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல் இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

தினமும் வேலையிலிருந்து வந்ததும் பையைக்கூட வைக்காமல் தொட்டிக்குப் போவேன். மொட்டு கூம்பியேதான் இருக்கும். சாப்பிட்டுவிட்டு டார்ச் எடுத்துக்கொண்டு போவேன். நிலாவும் வரும், மொட்டு மட்டும் அசையாது. "பூத்துத் தொலையேன்டி" என்று கெஞ்சியிருக்கிறேன், திட்டியும் இருக்கிறேன். அந்த வாரம் மாமியார் வியாசர்பாடியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். என் கணவர் எனக்கு முன்னாலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவார். தொட்டியைப் பற்றிப் பேசக்கூட ஆளில்லை.

ஐந்தாம் நாள் வந்து பார்த்தபோது மொட்டைக் காணோம். தண்டு வளைந்து தண்ணீருக்குள் போயிருந்தது. கையை விட்டு நிமிர்த்திப் பார்த்தேன். நுனி குழகுழவென்று இருந்தது. விரியாமலே அழுகிவிட்டது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். இன்னொரு மொட்டு அடியில் தெரிந்தது. ஆனால் அது மேலே வருவதற்குள் போகி வந்துவிடும்.

வந்தது. யார்டுக்கு லீவு சொல்லிவிட்டேன். தெருவெங்கும் பழம்பாய் எரிகிற புகை, மேளச் சத்தம். எட்டு மணிக்கே கொத்தனார் சம்மட்டியோடு வந்துவிட்டார். என் கணவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதல்நாள்தான் திரும்பி வந்திருந்த மாமியார் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. வாக்கு வாக்குதான். கொடுத்தவள் நான். ஒரு பக்கெட்டில் மழைத்தண்ணி மொண்டு, கப்பிகளை வடிகட்டியால் ஒவ்வொன்றாகப் பிடித்துப் போட்டேன். இரண்டாவது மொட்டு தண்ணீர்மேல் அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. அதைப் பார்க்காமல் கிரேட்டைத் தூக்க இரண்டு கையையும் உள்ளே விட்டேன்.

"வுடு அண்ணி" என்றான் கொழுந்தன். பின்வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"நீ போடா. எனக்குத் தூக்கத் தெரியும்."

"வுடுன்றேன்ல. கொத்தனாரே, நீ போயி டீ சாப்டு."

அவன் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. செல்போனை எடுத்து என் ஈரக்கையில் திணித்தான். படத்தில் எங்கள் தொட்டி. எங்கள் மீன் கிரேட். நடுவில் ஒரு பூ! ஊதாவும் நீலமுமாக, நடுவே மஞ்சள், இதழ் இதழாக முழுசாக விரிந்த பூ. படம் எடுத்த நேரம் பார்த்தேன். காலை பத்து மணி.

"மூணு நாளு பூத்துச்சி. நான் வந்து நாஸ்தா துன்ற நேரத்துல தொறக்கும். மத்தியானம் மூணு மணிக்கு மூடிக்கும். நீ வரதுக்குள்ள மொட்டாட்டம் பூடும். இது ராத்திரி பூக்கறது இல்ல அண்ணி, பகல்ல பூக்கற சாதி."

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"சொல்லியிருந்தா தொட்டி நின்னுடும்னுதான் கம்னு இருந்தேன். நீ டார்ச் அடிச்சிகினு குந்திகினு இருந்த பாரு, அத்தப் பாத்ததுலேந்து சோறு எறங்கல" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான்.

வந்ததே கோபம்! வடிகட்டியாலேயே முதுகில் நாலு வைத்தேன். "பாவி, மூணு நாளு! மூணு நாளு பூத்திருக்கு, நான் ஒரு நாள் பார்க்கலையேடா!" அவன் தடுக்கவே இல்லை, நின்று வாங்கிக்கொண்டான். அடித்துக்கொண்டே சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். மாமியார் வெளியே வந்து, "இன்னா கலாட்டா?" என்றவர் படத்தைப் பார்த்துவிட்டுக் கொத்தனாருக்கு டீயோடு வடையும் கொடுத்து அனுப்பினார்.

இரண்டாவது மொட்டு மாட்டுப் பொங்கலன்று விரிந்தது. விடுமுறை நாள், நாலு பேரும் வீட்டில் இருந்தோம். ஒன்பது மணிக்கு வெளிப்பக்கத்துப் பச்சை இதழ் நாலும் தளர்ந்தன. ஒன்பதே காலுக்கு உள்ளே ஊதா நிறம் தெரிந்தது. அப்புறம் கண்ணுக்கு முன்னாலேயே, மெதுவாக, ஒவ்வொரு இதழாக! நான் யார் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றுகூடத் தெரியாது. பார்த்தால் மாமியார் கை. ஒரு தேனீ எங்கிருந்தோ வந்து உள்ளே இறங்கியது. எங்கள் தெருவில் நான் தேனீயைப் பார்த்ததே அன்றுதான்.

பொங்கல் முடிந்து யார்டுக்குப் போன பிறகு, தினமும் பத்து மணிக்கு என் செல்போன் ஒருமுறை அதிரும். பூவின் படம். கொழுந்தன் அனுப்புவான். கவுண்டரில் வரிசையை நிறுத்திவிட்டு டிரைவர்களுக்குக் காட்டுவேன். அவர்களும், "இன்னிக்கி ரெண்டாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாஸை வாங்குவார்கள்.

மாசி மாதத்தில் ஒருநாள் படம் வரவில்லை. பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. போன் போட்டேன்.

"ஒண்ணுமில்ல அண்ணி, வெளியில கீறேன். அம்மாவண்ட படம் எடுக்கச் சொல்லிட்டு வந்தேன், அதுக்கு எடுக்கத் தெரில போல."

"எங்கடா இருக்கே?"

"பேட்டரி கடையில. காலைல வந்து பாத்தா காணோம், அவுத்துக்கினு பூட்டானுங்க."

கவுண்டருக்கு வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். "டேய், உடைச்சிடலாம்டா. நான் மனசாரச் சொல்றேன். வண்டிய உள்ள விட்டுக்கோ" என்றேன்.

"அட, கம்னு இரு அண்ணி. பேட்டரிய கடைல குடுப்பான். இந்தப் பூவ எவன் குடுப்பான்?" என்றான். பிறகு, "மூணு மணிக்குள்ள வூட்டுக்குப் பூடுவேன். மூடறதுக்குள்ள எடுத்து அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

இரண்டே முக்காலுக்குப் படம் வந்தது. பூ பாதி கூம்பியிருந்தது.